நாலு பேஸும் ஒரு விளம்பரமும்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத் தொடங்கியது. இதைக் கதையாக்கும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை, எழுதியவளையும் சேர்த்துத்தான். பல் டாக்டர் கேட்டது ஒரே ஒரு பக்கம்.

“பிழை, நம்மளப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிக் குடு. கிளினிக் வாசல்ல ஒட்டுவோம். ஒரு டிரம்மர் கூடவா மாட்ட மாட்டான்?”

பிழை என்பது அவளுக்கு அவர் வைத்த பெயர். ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். அடுத்தவர் எழுத்தில் வரும் ‘நான்’களை அடித்து அடித்து, சொந்தமாக எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் கைக்கு வரவில்லை. ஆகவே இந்தக் கதையில் அவள் ‘அவள்’தான். பொறுத்துக்கொள்ளுங்கள், அவளே பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் வரைவு:

பேஸ் கிதாரை உயிராக நேசிக்கும் நான்கு நண்பர்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் இசையின் ஆழத்தில்—

(அடித்தாயிற்று. ‘உயிர்’, ‘ஆழம்’ இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடுத்து ‘பயணம்’ வந்தே தீரும்.)

இரண்டாவது:

நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பேஸ். பாடுகிறவர் இல்லை, கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை. இது ஒரு குழுவா என்று கேட்டால்—

(கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடித்தாயிற்று.)

2

சரி, ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். (பார்த்தீர்களா, ‘நான்’ எப்படி உள்ளே நுழைகிறது.)

பல் டாக்டரிடம் ஏழு பேஸ் கிதார் இருக்கின்றன. ஏழிலும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பார், அதையும் நடுவில் நிறுத்தி, ஏதோ ஒரு திருகைத் திருகி, “இப்ப இந்தப் பிக்கப்ல கேளுங்க” என்பார். இந்தப் பாத்திரம் கொஞ்சம் மிகை என்று உங்களுக்குத் தோன்றலாம். குறைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.

கணக்கு மிஸ் பள்ளி ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணாமல் அவளால் வாசிக்க முடியாது. யாராவது அரைத் தாளம் தவறினால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

லிஃப்ட் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. அதிகம் பேசாதவர். அவருடைய பேஸில் அதே பழைய ஸ்ட்ரிங்குகள் ஒன்பது வருடமாகக் கிடக்கின்றன.* மாற்றச் சொன்னால் டாக்டரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். ஒருமுறை, இதை எழுதுகிற அவளுடைய பேஸின் கழுத்து உச்சியில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சின்னத் துண்டு உடைந்துபோனது. லிஃப்ட் கதவு ஓடும் தடத்தில் மாட்டுகிற நைலான் கட்டையை அரத்தால் ராவி, அடுத்த சனிக்கிழமையே பொருத்திக் கொடுத்தார். இன்றைக்கும் அதில்தான் அவள் வாசிக்கிறாள்.

நான்கு பேரும் சந்தித்தது ஆம்ப் பழுதுபார்க்கும் கடையின் பெஞ்சில். (ஆம்ப் என்பது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அது இல்லாமல் பேஸ் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது.) ஒவ்வொருவரும் ஏதோ ஓர் இசைக்குழுவில் இருந்து, பேஸ் கேட்கவே இல்லை என்று யாரோ சொல்லி, மனம் வெறுத்து வெளியே வந்தவர்கள். டாக்டரின் கிளினிக் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். நான்கு மணிக்கு நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஆம்ப் பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி கேபிளைப் பற்றிய பேச்சிலேயே போய்விடும்.

* இந்த ஒன்பதைப் பற்றி ஆறாம் பகுதியில் ஒரு தகராறு வரும்.

3

இங்கேதான் விளம்பரம் கெட்டுப்போனது.

கொஞ்ச நாளாக அண்ணன் வாசிப்பதைப் பற்றி ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. “அண்ணே, உங்க சவுண்டு கலங்கலா இருக்கு” என்று அவள் மூன்று வாரம் சொன்னாள். டாக்டர் உடனே அண்ணனின் பேஸைத் திருப்பிப் போட்டு, முதுகிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் புதிது மாட்டி, “இப்பக் கேளு, எவ்வளவு தெளிவா இருக்கு” என்றார். ஆமாம் ஆமாம் என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கணக்கு மிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், “அண்ணே, இந்த நாலு மாசமாத்தான் உங்க டைமிங் சுத்தமா இருக்கு” என்று பாராட்டினாள்.

அண்ணன், “அப்படியா” என்றார்.

ஒரு சனிக்கிழமை அவள் அச்சகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். மடியிலிருந்த மெய்ப்புத் தாள்கள் நழுவி அண்ணனின் ஆம்புக்குப் பின்னால் விழுந்தன. குனிந்து பொறுக்கும்போது பிடிமானத்துக்காக ஆம்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

வாசித்துக்கொண்டிருக்கும் பேஸ் ஆம்ப் சும்மா இருக்காது. தொட்டால் எலும்பு வரை அதிரும். இது சுவர் மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வால்யூம் திருகு சுத்தமாகப் பூஜ்யத்தில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே சுருண்டு கிடந்தன. மற்ற இரண்டு விரல்கள் கழுத்தின் மேல் போய் வந்துகொண்டிருந்தன. அவர் அவளைப் பார்த்தார். கையை நிறுத்தவில்லை. மிஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

4

வாசித்து முடித்து இறங்கும்போது, கிளினிக் மாடிப்படியில் வைத்து அண்ணனைக் கேட்டாள்.

“எத்தன நாளா?”

“நாலு மாசம். மெஷின் ரூம் இரும்புக் கதவு காத்துல அடிச்சு முழங்கையில விழுந்துச்சு. நரம்பு. ரெண்டு விரல் மட்டும் மரத்துப் போச்சு.”

“டாக்டர் என்ன சொல்றார்? நம்ம டாக்டர் இல்ல, நெஜ டாக்டர்.”

“ஒரு வருஷத்துல வரலாம். வராமலும் போகலாம். இப்ப என்னைய ஆபீஸ்ல உக்கார வச்சிட்டாங்க. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் வந்தா எடுத்து எழுதணும்.”

இது அவளுக்குப் புதுச் செய்தி. அவருடைய வேலையைப் பற்றி அவர்களில் யார் எப்போது கேட்டார்கள்?

“எங்ககிட்ட ஏண்ணே சொல்லல?”

“சொன்னா டாக்டர் பதினெட்டு யோசனை சொல்வார். மிஸ் அழும். நீ எழுதுவ.”

“எழுத மாட்டேன்.”

(சத்தியமாகச் சொன்னாள். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தச் சத்தியத்தைத்தான்.)

“வாசிக்காம எதுக்குண்ணே இவ்வளவு தூரம் வர்றீங்க, பேஸத் தூக்கிட்டு?”

“வேற எங்க போகச் சொல்ற? வீட்ல இருந்தா அவ என் கையவே பாத்துட்டு இருக்கா. பையன் போன் பண்ணா மொதல்ல கையத்தான் கேக்குறான். இங்க ஒருத்தரும் பாக்கல.”

அவர் அதை நன்றியோடு சொன்னார். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கேபிளுக்கு நடுவே வித்தியாசம் கேட்கிறது என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிற மூன்று பேர். பக்கத்தில் ஒரு மனிதன் நான்கு மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்திருக்கிறான், ஒரு காதுக்கும் அது எட்டவில்லை. அதிலும் கலங்கல் என்று சொன்னது யார்? இல்லாத சத்தத்தில் கலங்கல் கண்டுபிடித்த மகராசி யார்?

5

அன்றைக்கே விளம்பரத்தை முடித்துக் கொடுத்திருந்தால் தொல்லை விட்டிருக்கும். உட்கார்ந்தாள். டிரம்மர் தேவை என்று எழுதினாள். அடுத்த வரியில் அண்ணன் வந்து நின்றார். அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் வந்தார். கடைசியில் அவரையே எழுதிவிட்டாள். முடிவுதான் வரவில்லை. மூன்று செய்து பார்த்தாள்.

அ. ஒரு நாள் காலையில் சுண்டு விரல் மெல்ல அசைகிறது. (பார்த்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.)

ஆ. டாக்டர் எங்கிருந்தோ ஒரு குட்டைக் கழுத்து பேஸ் வரவழைக்கிறார், இரண்டு விரலே போதும், எல்லோரும்— (இது கதையா, கடையின் விலைப்பட்டியலா?)

இ. அண்ணன் வருவதை நிறுத்திவிடுகிறார். காலியான நாற்காலி. (காலியான நாற்காலியை வைத்து முடிக்கிற கதைகளில் வாரத்துக்கு மூன்றை அவள் அச்சகத்தில் திருத்துகிறாள்.)

6

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதியது உறுத்தியது. தாள்களை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்தாள். “வேண்டாம்னு தோணுறத அடிச்சிடுங்க. பூரா அடிச்சாலும் சரி.”

மூன்றாம் நாள் தாள்கள் திரும்பி வந்தன. பிரித்தாள்.

கையைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு கோடு கூட இல்லை. ‘ஒன்பது வருடம்’ அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘11’ என்று இருந்தது. ‘நைலான் கட்டை’க்குப் பக்கத்தில், ‘சாதா நைலான் இல்லை, எண்ணெய் ஏற்றின நைலான், வித்தியாசம் உண்டு.’ ஆம்பின் விளக்கு சிவப்பில்லையாம், ஆரஞ்சாம். ஒரு மனிதனின் வாழ்க்கையை எழுதிக் கையில் கொடுத்தால் அவர் திருத்துவது விளக்கின் நிறத்தை. தலையில் அடித்துக்கொண்டாள். (ஒன்பதை அவள் மாற்றப் போவதில்லை. ஒன்பது என்று அவர் வாயால்தான் கேட்டாள். கேட்டது இரண்டு வருடம் முன்பு என்கிறார். இது ஒரு பதிலா?)

மூன்று முடிவுகளையும் சேர்த்து ஒரே கோடாக அடித்திருந்தார். கீழே எழுதியிருந்தார்: ‘மூணுமே டாக்டர் எழுதின மாதிரி இருக்கு. மத்தவங்களுக்கும் படிக்கக் குடு. எனக்குச் சொல்ல வரல.’

7

அந்தச் சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. டாக்டரும் மிஸ்ஸும் ஒரே தாளில் தலையைக் கொடுத்துப் படித்தார்கள்.

டாக்டர் கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு, “நான் பேட்டரி மாத்தினேனே” என்றார். பிறகு, “மெல்லிசு ஸ்ட்ரிங் போட்டா அழுத்த வேண்டியதே இல்ல. குட்டைக் கழுத்து ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுல—”

“டாக்டர், வாய மூடுங்க” என்றாள் மிஸ். அவரை அப்படி மிஸ் பேசியதே இல்லை. “டைமிங் சுத்தமா இருக்குன்னு சொன்னேன். எங்கிட்ட ‘அப்படியா’ன்னு கேட்டார்.” முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து போய்த் தன் பேஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். வாசித்தார். கண்ணராவியாக இருந்தது. “இங்கேருந்து இங்க எட்டல” என்றார். மறுபடி வாசித்தார். கொஞ்ச நேரத்தில் மிஸ் பிளாஸ்திரிக்குக் கையை நீட்டினாள். பிறகு, இதை எழுதுகிற அவளும் நீட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் மூன்று பேர் இரண்டிரண்டு விரலில் தடவினார்கள். கேபிளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும், சின்ன வரி, ஒருவழியாகச் சேர்ந்து வந்தது. டாக்டர் அண்ணனுக்குப் போன் போட்டு நாற்காலியில் வைத்தார். அந்த வரியை எட்டு முறை வாசித்தார்கள். எட்டாவது முடிந்து குனிந்து பார்த்தால், அந்தப் பக்கம் அண்ணன் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.

8

அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்கு அவளுக்குப் போன் வந்தது.

“பிழை, உன் வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வர முடியுமா? பஸ்ல பேஸோட ஏற முடியல.”

நான்கு மாதமாக ஒற்றைக் கையால் ஏறிய மனிதர் இன்றைக்குத்தான் முடியவில்லை என்கிறார். போனாள். வாசலில் தோளில் பேஸ் பையோடு நின்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். பையின் கழுத்து அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தபோதுதான் பேசினார்.

“இடது பக்கம் திரும்பினா ஒருத்தர் வீடு. இத வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். அஞ்சு மணி வரைக்கும் இருப்பார்.”

“நேராப் போனா கிளினிக்.”

“தெரியும்.”

“எங்கண்ணே போகணும்?”

“நீதான எழுதுறவ. நீ சொல்லு.”

“மூணு எழுதினேன். மூணையும் அடிச்சீங்க.”

“எனக்கு அடிக்கத்தான் வரும்” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, கண்ணாடியில் பைதான் தெரிந்தது. “அன்னைக்குப் போன்ல ஒரு வரி வாசிச்சீங்களே, அதுல மூணாவது ஸ்வரம் தப்பு.”

“அப்ப வந்து சொல்லிக் குடுங்க.”

சட்டைப்பையில் அவர் போன் அடித்தது. டாக்டராக இருக்கலாம், அந்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் எடுக்கவில்லை.

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை. அவள் இன்னும் இண்டிகேட்டர் போடவில்லை. அவளுக்கு எங்கே போக ஆசை என்பது உங்களுக்கே தெரியும், ஆனால் பேஸ் அவளுடையது இல்லை, கையும் அவளுடையது இல்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டு நீங்களும் அவரைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி? நேராகவா, இடதா? யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லுங்கள்.