சாணியை அள்ளிப் போனவர்கள்

1986ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், திங்கட்கிழமை. மலேசியாவில், கோலா சிலாங்கூர்ச் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் சீவும் தாயம்மாவின் இரண்டு கன்றுகள் வீணாகச் செத்திருந்தன என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவற்றைக் காப்பாற்றும் வழி பதினான்கு மாதங்களாகத் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வடிவில் கிடந்தது. அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று சொன்னவன் அர்ஜுனன். கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளன். இரண்டாண்டுகளுக்கு முன், அவளுடைய மூத்த கன்று வெள்ளை வெள்ளையாய்க் கழிந்து சாகக் கிடந்தபோது, "ஆராய்ச்சிக்கு" என்று அதன் சாணியைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போனவனும் அவனே. மறுநாள் அந்தக் கன்று செத்தது. அதற்குப் பின் அவன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது வேறோர் ஆராய்ச்சிக்காக மாட்டு உண்ணி பொறுக்க வந்தவன், கொட்டகையில் புதுக்கன்றைக் கண்டான்.

"எத்தன நாள் கன்னு அக்கா? மருந்து குடுத்தாச்சா?"

"பதினோரு நாளு. என்னா மருந்து?"

"புழு மருந்துதான். பத்துலேர்ந்து பதினாறு நாளுக்குள்ள ஒரே ஒரு தடவ. இந்தத் தோட்டத்துச் சாணியும் வச்சுத்தானே கண்டுபிடிச்சாங்க! ஆபீசுக்கு லெட்டர் போட்டோம்லா, போன வருசம் மார்ச்சுல."

தாய்மாட்டின் உடலில் ஒளிந்திருக்கும் புழுக்குஞ்சு பால்வழியே கன்றின் குடலுக்குப் போகிறது. மூன்று வாரத்தில் முழுப்புழுவாகிவிடுகிறது. வெள்ளைக் கழிச்சல் அந்தப் புழுவால்தான், பால் செரிக்காததால் அன்று; முழுப்புழுவாகும் முன் ஒருவேளை மருந்து போதும். அவன் விளக்கி முடிக்கக் கால்மணி நேரங்கூட ஆகவில்லை.

தாயம்மா மூலையில் கிடந்த வாய்க்கூட்டைப் பார்த்தாள். கன்று வெள்ளையாய்க் கழிந்தால், "பால் செரிக்கல" என்று வாய்க்கூடு கட்டித் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வழக்கம். போன ஆண்டு, கடிதம் வந்த பின், அவளுடைய இரு மாடுகளும் ஈன்ற இரண்டு கன்றுகளுக்கும் அவள் தன் கையாலேயே வாய்க்கூடு கட்டியிருந்தாள். இரண்டும் தாயைப் பார்த்துக் கத்திக் கத்தியே செத்தன.

"அப்போ நோவு பாதி, நான் போட்ட பட்டினி பாதியா?"

அர்ஜுனன் குனிந்து தன் பையைத் திறந்தான். பையிலிருந்த மருந்தைக் கலக்கி, கன்றின் கடைவாய் வழியே சிறிது சிறிதாகப் புகட்டினான். "மருந்து புழுவக் கொன்னுடும், பால மட்டும் நிறுத்திடாதீங்க அக்கா. வயிறு நெறயக் குடிக்கட்டும்."

நன்றி வரும் என்று எதிர்பார்த்தான் போலும்.

"ஏன் தம்பி, சாணி அள்ளுறதுக்கு லயத்து வாசல் தெரியுது. பதில் சொல்ல ஆபீசு வாசல்தான் தெரியுமா?"

"மேலிடத்துல அனுப்பச் சொன்ன எடத்துக்கு அனுப்புனோம் அக்கா…"

"சாணி போட்டது என் கன்னா, ஆபீசு கிராணியா?"

அவனையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். தோட்டத்து எழுத்தரான கிராணி உமாபதிக்குக் கடிதத்தைத் தேடி எடுக்க மூன்று நிமிடங்கூட ஆகவில்லை. ஒரே பக்கம், ஆங்கிலம். படித்ததற்கு அடையாளமாக மூலையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"இது தோட்டத்து மாடு இல்ல தாயம்மா, ஒங்க சொந்த மாடு. ஆபீசுக்கு என்ன சம்பந்தம்?"

"அந்த மாட்டுப் பாலு ஒங்க வீட்டுக் காப்பியில தெனமும் சம்பந்தப்படுதுங்களே ஐயா?"

அர்ஜுனன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இப்ப என்னா பண்ணச் சொல்ற?"

"நாளைக்குப் பெரட்டுல படிங்க. தமிழ்ல."

பெரட்டு என்பது விடியுமுன் வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடம். மரப்பட்டையைக் காயப்படுத்தாதே, மரத்தில் உறைந்த கட்டிப்பாலைத் திருடாதே, துரை வருகிறார் வாசலைக் கூட்டு என்று அங்கே முழங்காத கட்டளை இல்லை.

"பெரட்டுல சாணியப் பத்திப் படிக்கிறதா? துரை சிரிப்பாரு!"

"சிரிக்கட்டும். எங்க கன்னு செத்தப்ப அவரு அழுதாரா?"

கன்றுக்கு வழி சொல்லும் கடிதம் கோப்பில் கிடந்த சேதி அன்றிரவே லயம் முழுக்கப் பரவியது. மறுநாள் பெரட்டில் மேற்பார்வையாளரான மண்டோர் காளியண்ணன் பெயர் கூப்பிட்டார். தாயம்மாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

"என்னா தாயம்மா, காது போச்சா?"

"காது நல்லாத்தான் இருக்கு மண்டோரய்யா. அதுல விழ வேண்டியது இன்னும் விழல."

அடுத்துக் கூப்பிட்ட பெயர் நாகமணி. அவள் வீட்டில் இரண்டு மாதக் கன்று ஒன்று வயிறு ஊதிக் கிடந்தது. அவளும் வாய் திறக்கவில்லை. இருசப்பன் திறக்கவில்லை. ஏழு பெயர்களுக்குப் பதில் இல்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது, வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பது கிராணிக்கும் தெரியும். உமாபதி கடிதத்தைக் கொண்டுவந்து, தட்டுத் தடுமாறித் தமிழில் படித்தார். இரண்டு நிமிடம் ஆயிற்று.

"ஐயா, என் கன்னுக்கு ரெண்டு மாசம் ஆச்சே?" என்றாள் நாகமணி.

உமாபதி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அர்ஜுனன் கொடுத்துச் சென்ற மருந்தை நாகமணியின் கன்றுக்கும் புகட்டிப் பார்த்தார்கள். காலம் கடந்திருந்தது, வெள்ளிக்கிழமை அது செத்தது. தாயம்மாவின் கன்றுக்கு வெள்ளைக் கழிச்சல் வரவே இல்லை. மாதம் முடிவதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"ஒண்ணர மாசம் முந்தியே நான் போயிக் கேட்டிருக்கணும்" என்று நாகமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கறதே தெரியாதத எப்படிடி கேப்ப?" என்றாள் தாயம்மா. "தெரிஞ்சவன் வந்து சொல்லியிருக்கணும்."

இதைப் படிக்கும் நீங்கள் படித்தவர். ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ, ஏழைக்குப் பயன்படும் ஒரு தாளை 'என் வேலை அன்று' என்று கையெழுத்திட்டுக் கோப்பில் போட்டிருப்பீர்களானால், இன்றே அதை வெளியே எடுங்கள். யாருடைய மாட்டுக்காக அது எழுதப்பட்டதோ அவர் வாசலுக்கு நீங்களே நடந்து செல்லுங்கள்; அவர் மொழியில், அவருக்கு விளங்கும்வரை படித்துக் காட்டுங்கள்.