தேநீர் ஊற்றியவள்

தில்லைநாயகி லேசில் யாரையும் மன்னிக்கிறவள் அல்ல. அதிலும் சண்முகநாதனை மன்னிப்பது என்ற பேச்சுக்கே முப்பது வருஷமாக இடமில்லை. சுவிஸில், எம்மன்புரூக்கே ஊர் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும்போது ஒருநாளைக்கு ஒருதரமாவது அவனை மனதுக்குள் திட்டிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை பின்னேரம் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் ரிஷானி, அல்பேர்ட்டாவில் ஒரு சிறு நகரத்துத் தமிழ்ச் சங்கச் செயலாளர். நகரத்துக்கு நூறு வயதாம். நூலகம் வரலாற்றுப் புத்தகம் போடுகிறதாம். ரயில் பாதை போட்டவர்கள், முதல் டாக்டர், ஹொக்கி ஆடிப் பேரெடுத்தவர் என்று பெரிய மனிதர்களின் வரிசை. அதில் தமிழர் ஒருவர்தான்: இருபது வருஷத்துக்கு முன் சுவிஸிலிருந்து அங்கே குடிபோன சண்முகநாதன் மாஸ்டர்.

"சுவிஸில முதல் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில ஒண்டை அவர்தானே துவங்கினவர், அன்ரி. தெரிஞ்ச ஆள் ஒராள் எழுதித் தரவேணுமாம். மாஸ்டர் உங்கட பேரைச் சொன்னவர். வாழ்த்துரையையும் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

நம்மாட்களின் வழக்கம் தெரியாதா? பாராட்டுப் பெறுகிறவரே பாராட்டை எழுதி அடுத்தவரிடம் நீட்டுவார். அடுத்தவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தில்லைநாயகியே நாலைந்து பேருக்கு அப்படிப் போட்டவள்தான். இதை மட்டும் படித்தாள். 'மாஸ்டர் நிறுவிய பாடசாலையில் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் என்ற வகையில் பெருமையடைகிறேன்' என்று அவளே சொல்வதுபோல எழுதியிருந்தான்.

தேநீராம்! அடப் பாவி, உனக்கு நாக்கு கூசவில்லையா?

தொண்ணூற்றோராம் ஆண்டு, யுத்தம் வந்தால் பதுங்குவதற்கென்று சுவிஸ்காரர் கட்டடத்துக்கு அடியில் கட்டிவைக்கும் நிலவறையை, கட்டடக் காவலாளியிடம் அரைகுறை ஜெர்மனில் கெஞ்சி, பள்ளிக்கூடமாக்க எழுத்தில் அனுமதி வாங்கியவள் அவள். ஒன்பது பிள்ளைகள். அரிச்சுவடியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கழுத்துப்பட்டியோடு வந்தவன்தான் சண்முகநாதன். வந்ததும் நிர்வாகக் குழு அமைத்தான், ரப்பர் முத்திரை செய்வித்தான், பட்டதாரி அல்லாதவர் படிப்பிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டான். அந்த ஊர்த் தமிழரில் பட்டதாரி அவன் ஒருவன்தான். அந்தத் தீர்மானத்தால் அவள் வெளியேற்றப்பட்டபோது ஒன்பது பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

கையெழுத்தா கேட்கிறாய், இந்தா பிடி என்று தானே ஒரு கடிதம் எழுதினாள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. 'மாஸ்டர் முதன்முதல் வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வயது முடிந்திருந்தது' என்று தொடங்கி, நடந்ததை நடந்தபடி எழுதி, நிலவறை அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து நேரே நூலகத்துக்கே அனுப்பிவைத்தாள்.

பத்தாம் நாள் சண்முகநாதனே தொலைபேசி எடுத்தான். தில்லைநாயகியின் பக்கத்தில் மகள் லக்சனா இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, சுகமோ?"

"சொல்லுங்கோ மாஸ்டர்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிக் கையெழுத்து வைச்சால் நூலகக்காரர் போடுவினமாம். இல்லாட்டி அந்தப் பக்கத்தையே வெட்டிப்போடுவினமாம். ரெண்டு பேரும் சேர்ந்து துவங்கினதெண்டு எழுதுவம். உங்கட பேரை முன்னுக்குப் போடுறன்."

லக்சனா அவள் கையைப் பிடித்தாள். "ஓம் எண்டு சொல்லுங்கோ, அம்மா. இதைத்தானே இவ்வளவு காலமும் கேட்டனீங்கள்."

உண்மைதான். அச்சில் தன் பெயர், அதுவும் அவன் பெயருக்கு முன்னால். தில்லைநாயகிக்கு ஆசை நெஞ்சுவரை வந்தது. ஓம் என்று சொல்ல வாயெடுத்தும் விட்டாள்.

அவன் பொறுத்திருக்கவில்லை. "யோசியுங்கோ, தங்கச்சி. இங்க நான் இருபது வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில மாடு வெட்டின ஆள். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் என்னட்டை சொல்லிக்கொள்ள வேற ஒண்டும் இல்லை."

"எனக்கும் அது ஒண்டுதான் இருந்தது, மாஸ்டர்."

"அதுதான் சொல்லுறன், ரெண்டு பேருக்கும்..."

"வெட்டச் சொல்லுங்கோ."

சித்திரையில் ரிஷானி புத்தகம் ஒன்றை அனுப்பினாள். தமிழருக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் பள்ளிக்கூடக் கதை இல்லை; இறைச்சித் தொழிற்சாலையின் படம்தான் இருந்தது. வெள்ளை மேலங்கி போட்ட நாற்பது பேரில் மூன்றாம் வரிசையில் அவன் நின்றான். கீழே யார் பெயரும் இல்லை. தில்லைநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துப் பெயர் அட்டவணையை விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தாள்.

"உங்கட பேரும் இல்லையே, அம்மா," என்றாள் லக்சனா.

"அவன்ர பேர் இல்லை," என்றாள் தில்லைநாயகி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து, மகளின் முன்னாலேயே இருந்து வயிறாரச் சாப்பிட்டாள்.