கிளரன்ஸ் கழற்றிவைத்த எஞ்சின்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் வீட்டுக் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கிற மிசினைத் திருத்த வந்த சிவசுப்பிரமணியம் அண்ணையிடமிருந்து பிடுங்கியது. பிடுங்கியது என்றுதான் சொல்லவேண்டும். அந்த மனிசன் தானாகத் தந்தது பாதிதான்.

மிசின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலம் இது. கண்மருந்துக் குப்பியால் நாலு துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் இப்படித்தான். இதில் ஒரு கோதாரிக் குணம் உண்டு. சுவிச்சை நிற்பாட்டினாலும் எஞ்சின் நிற்காது. உள்ளே பிடித்த கரி தணலாகி, தானே பற்றித் தானே ஓடும். நிறுத்துவதென்றால் காற்று இழுக்கிற வாயை உள்ளங்கையால் பொத்தவேண்டும்.

அன்றைக்கு அண்ணை பொத்தினார். மிசின் நின்றது. அவர் கையை எடுத்த வேகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

“சுட்டதோ அண்ணை?”

“இல்லைத் தம்பி. உது கையை இழுக்கிறது எனக்குப் பிடிக்காது. உள்ளுக்கை ஆரோ மூச்சு எடுக்கிற மாதிரி.”

பிறகு கிணற்றுக்கட்டில் இருந்து, பெர்னடெட் என்ற ஒருத்தியைப் பற்றிக் கதைத்தார். அவளுடைய காரின் கழற்றிக் கிடந்த எஞ்சினைத் திரும்பப் பூட்டத் தொடங்கின இடத்தோடு கதையை நிற்பாட்டிவிட்டார்.

(எழுத்தாளன் என்றால் மற்றவன் கை துடைக்கிற நேரத்திலும் கதை பொறுக்குவான். வெட்கங்கெட்ட தொழில்.)

2

மூன்று தொடக்கம் எழுதினேன்.

“கொழும்புத்துறைக் கடலில் சூரியன் மெல்ல—” போதும். சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

“பெர்னடெட் அழகி. அவளுடைய கண்கள்—” இதையும் விட்டேன். அண்ணை அவளுடைய கண்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கைகளைப் பற்றித்தான் சொன்னார். நகக்கண்ணெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்ததாம்.

மூன்றாவது இது: எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, கொழும்புத்துறையில் பெர்னடெட்டின் புருசன் கிளரன்ஸ் தன் காரின் எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவைத்துவிட்டு, ஒரு காஸ்கெற் வாங்கச் சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போனான். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

அந்த வருடங்களில் போனவர்கள் வராதது புதினமல்ல. ஆகவே இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

* காஸ்கெற் என்பது எஞ்சினின் உடலுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடு. அது இல்லாமல் எஞ்சினைப் பூட்ட முடியாது.

3

கார், ஒஸ்ரின் ஹீலி. பந்தயக் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம், கூரை கிடையாது, முன்விளக்கு இரண்டும் மேலே பிதுங்கி நிற்கும். ஊர் அதைத் தவளைக் கார் என்றது. அவன் போன நாளிலிருந்து அது கொட்டிலில் திறந்தபடியே கிடந்தது.

பெர்னடெட் எதையும் இடம் மாற்றவில்லை. பிஸ்டன், வால்வு, புரியாணி எல்லாம் அவன் வைத்த பேசின்களில், அவன் வைத்த ஒழுங்கில். கறள் பிடிக்கக்கூடாதென்று சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் பூசினாள். சாமான் தட்டுப்பாடு வந்தபோது தன் தலைக்கு வைப்பதை விட்டாள், இதை விடவில்லை.

* நல்லெண்ணெய் எஞ்சினுக்கு ஆகாது, காய்ந்தால் பிசினாகிவிடும். அதைச் சுரண்டி எடுக்க அண்ணை பட்ட பாட்டை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கடதாசி கிடைக்காத காலத்தில் கிழிப்பதும் பாவந்தான்.

கிளரன்ஸின் தமையன் கிருபைரட்ணம். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கி, தம்பியின் காணியில் கண் வைத்தவர் என்று எழுதினேன். மனச்சாட்சி கேட்கவில்லை. அந்த மனிசன் கேட்டது ஒன்றே ஒன்று. கார்த்திகை மாதம் கோயிலில் மரித்தவர்களுக்குப் பூசை வைத்து, அவர்களுடைய பேர்களை வாசிப்பார்கள். அதில் தம்பியின் பேரும் வரவேண்டும்.

“எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்த இடம் வேணும் பிள்ளை. எத்தினை வருசத்துக்கு மற்றவையின்ரை கல்லறையளைச் சேமக்காலை வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறது?”

“செத்தவரெண்டு ஆர் கண்டது அத்தான்?” என்றாள் பெர்னடெட்.

“இருக்கிறாரெண்டு ஆர் கண்டது?”

அவள் கொட்டிலைப் பார்த்தாள்.

“உந்த இஞ்சினைப் பூட்டுவம். அவர் துவங்கின வேலை. ஓடினா அவர் இருக்கிறார், நான் பேர் குடுக்கமாட்டன். ஓடாட்டில் நானே எழுதித் தாறன்.”

விசர்க்கதை என்கிறீர்களா? நீங்கள் மட்டும் கோயிலில் பூ வைத்துக் கேட்டதே இல்லையா? அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், போன வருடம், சிவசுப்பிரமணியம் அண்ணையைக் கூப்பிட்டார்கள்.

4

எனக்குக் கிளரன்ஸில் சந்தேகம். அண்ணை அவனைக் கண்டதே இல்லை. நான் அவனுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், எடுத்தேன். உயரமாக்கினேன், பாட்டுக்காரனாக்கினேன். என்ன செய்தும் ஆள் எழும்பி நிற்கவில்லை. பேசாமல் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

(அவனை ஏற்கெனவே யாரோ ஒருமுறை எடுத்துவிட்டார்கள். இரண்டாந்தரம் நானும் எடுப்பதா?)

ஆனால் அண்ணைக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

“ஒவ்வொரு ஆணியும் கழட்டின ஒழுங்கிலை, எல்லாத்திலையும் தலை ஒரு பக்கம் பாத்தபடி. உப்பிடி வைக்கிறவன் வந்து பூட்டத்தான் தம்பி வைக்கிறவன்.”

அதைக் கேட்டு வந்து ஒரே மூச்சில் கொட்டிலை எழுதினேன். அதில் ஒரு வசனம்: “ஹெட் மட்டும் பலகையில் பொருந்தி இருக்கவில்லை, ஒரு பக்கம் மெல்லத் தூக்கி நின்றது.” அண்ணை இப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஹெட் சரியான பாரம், அவளால் தனியே தூக்க முடியாது, மேலால் மட்டும் எண்ணெய் பூசுவாள் என்றுதான் சொன்னார். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. ஓசைக்காக எழுதினேன்போல.

5

பிறகுதான் பொறி தட்டியது. அப்ப காஸ்கெற்? தடைக்காலத்தில் அது எங்கே கிடைத்தது? அண்ணையைச் சுன்னாகத்துக்கு அனுப்பி, ஒரு பழைய கடைக்காரரைத் தேடிப்பிடித்து, அருமையான காட்சி ஒன்று எழுதினேன். சரிதானா என்று கேட்க அண்ணையின் வீட்டுக்குப் போனேன்.

“சுன்னாகத்துக்கு ஆர் போனது? உனக்கென்ன விசரே? காஸ்கெற் அங்கைதானே கிடந்தது.”

“எங்கை?”

“ஹெட்டுக்குக் கீழை. புதுசு. உறையும் பிரிக்கேல்லை.”

நேரே வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். ஹெட் ஒரு பக்கம் தூக்கி நின்றது என்ற அந்த வசனம் அப்படியே இருந்தது. நீங்களும் இப்போதுதான் வாசித்தீர்கள். அந்தக் காஸ்கெற்றை நான் அங்கே வைக்கவில்லை. சத்தியமாக நான் வைக்கவில்லை.

மறுநாளும் போய், மிச்சத்தையும் சொல்லவைத்தேன்.

அண்ணை உறையைத் தூக்கிக் காட்டியபோது, பெர்னடெட் அவருக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியை நிலத்தில் வைத்தாள்.

“உது வாங்கத்தானே அண்ணை அவர் போனவர்.”

“முந்தியே வாங்கி வைச்சிட்டு மறந்திருப்பார் பிள்ளை. எங்களுக்கும் நடக்கிறதுதான்.”

“அப்ப சும்மாவோ போனவர்?”

அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இல்லாட்டில் வாங்கிக்கொண்டு வந்தவர்,” என்றாள். “அண்டைக்குப் பின்னேரம் நான் மீன் வாங்கப் போனனான். அந்த நேரம் வந்து, உதை வைச்சிட்டு...”

மேலே சொல்லவில்லை. நான் சொல்கிறேன், எனக்கு வாய் சும்மா இராது. மறந்துபோய்ப் போனான் என்றால், ஒன்றுமே இல்லாததற்காகச் செத்தான். வாங்கிவந்து வைத்தான் என்றால் வீடுவரை வந்தவன், அவளைப் பாராமல் திரும்பிப் போனவன். ஓடினால் அவர் இருக்கிறார் என்று சொன்னவள் அவளேதான். இப்போது அவர் இருந்தால் அவளை விட்டுப் போனவர். பாவி மனுசி, இரண்டு பக்கமும் வெட்டுகிற ஒரு கேள்வியைத் தானே கேட்டு வைத்திருந்தாள்.

“பூட்டவோ விடவோ பிள்ளை?”

“பூட்டுங்கோ.”

* உறையில் கடையின் பேர் இருந்திருக்குமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். பேர் இருந்த மூலையை எலி தின்றுவிட்டதாம்.

6

பூட்டி முடிந்த அன்று காலை, அண்ணை ஒரு பற்றறி கொண்டுவந்தார். (எங்கிருந்து என்று நான் எழுதமாட்டேன்.) அதில் ஒருதரம் சுற்றத்தான் பலம். அந்தக் காருக்குக் காபுரேற்றர் இரண்டு, ஆகவே காற்று இழுக்கிற வாயும் இரண்டு. தாங்கியில் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு வாயிலும் குப்பியால் பெற்றோல் விட்டார். கிருபைரட்ணம் படலையடியில் நின்றார். ஓடவேண்டும் என்று வேண்டினாரா, ஓடக்கூடாது என்றா, எனக்குப் பிடிபடவில்லை.

பெர்னடெட் கிளரன்ஸின் ஆசனத்தில் இருந்து, திறப்பைப் போட்டுத் திருப்பி, எஞ்சினைச் சுற்றவைக்கிற இழுகுமிழைப் பிடித்தாள்.

“இப்ப இழு பிள்ளை!”

உறுமியது, இருமியது, பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்க வெள்ளைப் புகை, எரிந்த நல்லெண்ணெய் மணம்.

“ஓடுது! ஓடுது!” என்று அண்ணை துள்ளினார். அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோச்சு.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு “காணும், நிப்பாட்டுவம்” என்று திறப்பைத் திருப்பி, கழற்றிக் கையில் எடுத்தாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

“மண்ணெண்ணெய்க் குணம், பயப்பிடாதை,” என்றார் அண்ணை. இப்ப நிற்கும், இப்ப நிற்கும் என்று பார்த்தார். இப்படித் தானாக ஓடுகிற எஞ்சின் தடக்கித் தடக்கித்தான் ஓடும். இது திறப்புப் போட்டிருந்தபோது ஓடியதைவிடச் சீராக ஓடியது. அது அண்ணை தன் வாழ்நாளில் காணாதது. றேடியேற்றர் கொதிக்கத் தொடங்கியது. விட்டால் எஞ்சின் இறுகிப்போகும், பிறகு ஒருவராலும் எழுப்ப முடியாது.

அவர் குனிந்து ஒரு வாயைப் பொத்தினார். அது உள்ளங்கையைப் பிடித்து இழுத்தது. சத்தம் பாதியாக விழுந்து, மற்ற வாயால் மூச்சு வாங்கி வாங்கி ஓடியது.

“மற்றக் கையாலை மற்றதையும் பொத்தியிருக்கலாம் தம்பி,” என்றார் என்னிடம். “பொத்தேல்லை. அது என்ரை வேலை இல்லை.”

“பிள்ளை, இஞ்சை வா. மற்றதை நீ பொத்து,” என்றார் அவளிடம்.

அவள் இறங்கி வந்தாள். கையை நீட்டினாள். நீட்டிய கையோடு, சத்தத்துக்கு மேலால் கத்திக் கேட்டாள்:

“அண்ணை, பொத்தினா அவருக்கு நோகுமோ?”

7

இவ்வளவோடு அண்ணை எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“போ தம்பி. உது உன்ரை வேலையும் இல்லை.”

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) பொத்தினாள். நின்றது. கார்த்திகையில் பேர் வாசித்தார்கள், கிருபைரட்ணம் மெழுகுதிரி கொளுத்தி விம்மி விம்மி அழுதார். நல்ல முடிவு. ஆனால் எஞ்சின் ஓடியதே! இருக்கிற மனிசனைத் தன் கையாலேயே— எழுத முடியவில்லை.

(ஆ) பொத்தவில்லை. “மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகும் எஞ்சின்—” வேண்டாம். பட்டப்பகலில் எழுதியும் இந்த வசனத்துக்கு எனக்குப் பயம்.

கொழும்புத்துறை என்ன தூரமா, போய்க் கேட்டால் என்ன என்பீர்கள். போனேன். ஒழுங்கை முனையில் சைக்கிளை விட்டு இறங்கினேன். உள்ளே எங்கேயோ ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து மிசினாக இருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே அவர்கள் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். அண்ணை ஒரு வாயைப் பொத்தியபடி குனிந்து நிற்கிறார். படலையடியில் கிருபைரட்ணம். பெர்னடெட்டின் ஒரு கையில் திறப்பு, மற்றக் கை அந்த வாய்க்கு முன்னால். நோகும் என்றால் கையை எடுத்துவிடுவாள். நோகாது என்றால் பொத்திவிடுவாள். அவளுக்கு யாராவது பதில் சொல்லவேண்டும். நான் ஒழுங்கை முனையோடு திரும்பிவந்தவன்.

நீங்கள் சொல்லுங்கோ. கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.