வலது காலா, இடது காலா

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் பன்னீர் நாலு சுமை விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டிருந்தான். மயில்பாறைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கிற மெஷினுக்குச் சூடு கொடுக்கும் அடுப்பு அது. பதினேழு வருஷமாக அவன்தான் அதன் முன்னால் நிற்கிறான். அவனுடைய இமை முடிகள் எப்போதும் பாதி கருகித்தான் இருக்கும்.

பக்கத்தில் யோகராசா விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலி ஒரு பக்கம் விழ, வாய் இன்னொரு பக்கம் நேற்றைய மெச்சைப் பிளந்தது. பசறை மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மயில்பாறை இரண்டுக்கு ஒன்று என்று பசறை டவுன் டீமிடம் தோற்றிருந்தது. கடைசி நிமிஷத்தில் கிடைத்த பெனால்டியை, இதே தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்குத் தூக்கும் துஷாந்த் கம்பத்தில் அடித்துவிட்டான்.

"பயந்துட்டான். அவ்வளவுதான்," என்றான் யோகராசா. "பசறைக்காரன் கோலுக்குள்ள நின்னு ரெண்டு கையையும் ஆட்டினான். இவனுக்கு வயித்தக் கலக்கிருச்சு."

"ஒனக்கு என்னா தெரியும்? ரெண்டாவது பாதியில அந்தத் தடியன் காலோட சேத்து மிதிச்சானே, பாக்கலயா? முட்டிக்குக் கீழ. அந்தக் காலால அடிச்சா கம்பத்துலதான் படும்."

"அதுக்குப் பெறகும் குதிர மாதிரி ஓடினானே."

"வலிய வெளியில காட்டமாட்டான். அதான் துஷாந்த்."

நேற்றுப் பின்னேரம் மைதானத்தில் தொடங்கிய வாதம் இது. பஸ்ஸில், லயத்துக் குழாயடியில், இன்று காலை வேலைக்குப் பெயர் வாசிக்கிற பெரட்டுக்களத்தில் என்று எல்லா இடத்திலும் பன்னீர் இதையே சொன்னான். துஷாந்துக்குப் பத்து வயதானதிலிருந்தே அவன் ஆட்டத்தைப் பார்த்து வருகிறவன் பன்னீர். அந்தப் பையன் பயந்து பெனால்டியை விட்டான் என்று ஒருவன் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியாது.

மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சீமெந்துத் தரையில் எதுவோ கனமாக விழுந்தது. பிறகு மெஷின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இருவரும் ஓடினார்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் போகிற மரப்படியின் அடியில் துஷாந்த் மல்லாந்து கிடந்தான். அவன் தூக்கி வந்த சாக்கு நெஞ்சின்மேல் கிடந்தது. வாடிய கொழுந்து அவனைச் சுற்றிச் சிதறியிருந்தது. வலது கால், முட்டிக்குக் கீழே, மடங்கவே கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவன் அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"மாமா, காலத் தொடாதீங்க," என்றான் பன்னீரிடம்.

மேலிருந்து மூன்றாவது படியில் பலகை இல்லை. மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்த படி அது. யோகராசா இரண்டு தடவை சொல்லியும் அதில் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்ததோடு சரி. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடிவந்தார். அவர் முதலில் பார்த்தது துஷாந்தின் காலை அல்ல, படியை. பிறகுதான் லொறியைக் கூப்பிடச் சொன்னார்.

புதன்கிழமை பெரிய கிளாக்கர் பன்னீரை ஆபீசுக்கு வரச்சொன்னார். மேசைக்கு முன்னால் நாற்காலி ஒன்று போட்டிருந்தது. பன்னீர் அதன் பக்கத்தில் நின்றான்.

"ஒக்காருங்க பன்னீர்."

பதினேழு வருஷத்தில் அந்த ஆபீசில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. விளிம்பில் உட்கார்ந்தான். சோஸரோடு தேத்தண்ணி வந்தது.

"நானும் ஸ்கூல் காலத்துல பந்தடிச்சவன்தான்," என்றார் கிளாக்கர். "ஞாயித்துக்கெழம வர முடியாமப் போச்சு. மெச்சப் பத்தி ஒழுங்காச் சொல்ல ஒங்களைவிட்டா ஆளில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. டீமுக்கு ஏதாச்சும் செய்யணும்னு தொர யோசிக்கிறார். அதான் கேட்டு எழுதி வைக்கச் சொன்னார்."

பன்னீர் சொன்னான். யார் எந்த இடத்தில் ஆடினான், முதல் கோல் எப்படி வந்தது, ரெப்ரி எங்கே கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்லச் சொல்ல அவன் நாற்காலியின் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்தான். கைகளை மேசைமேல் வைத்து மைதானம் வரைந்தான். கிளாக்கர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எழுதவில்லை.

"துஷாந்துக்கு அடி பட்டிச்சாமே?"

"ஆமாங்க ஐயா. அறுவத்திரெண்டாவது நிமிஷம். நல்ல மிதி."

இப்போது கிளாக்கர் எழுதினார்.

"எந்தக் கால்?"

"வலது காலுங்க."

"நிச்சயமா?"

"என் கண்ணால பாத்தேன் ஐயா. அந்தக் காலாலதானே பெனால்டி அடிச்சான். இல்லாட்டி அவன் விடுவானா?"

"நொண்டினானா?"

"நொண்டாம என்னா? ஆனா வெளியில வரமாட்டேன்னுட்டான்."

இங்கிலீஷில் எழுதிய தாளை அவர் மெதுவாக அவன் பக்கம் திருப்பினார். கீழே விரலை வைத்துக் காட்டினார். இன்னொரு பிரதியிலும் காட்டினார். இரண்டிலும் பன்னீர் கையெழுத்துப் போட்டான். கிளாக்கர் சீல் குத்தி, தாள்களை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுப் போகும்படி அவர் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் தச்சுவேலைக்காரர் மேல்மாடிப் படிகளைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தார். பழைய பலகைகள் பன்னீரின் விறகுக் குவியலுக்கு வந்தன. முறிந்த பலகையின் உள்பக்கம் கறையான் தின்று கோதாக இருந்தது. பன்னீர் அதையும் அடுப்பில் போட்டான். கடதாசி எரிகிற மாதிரி எரிந்து முடிந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை பார்சலில் சோறும் நாலு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனான். துஷாந்தின் கால் கட்டோடு தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள் என்றும், ஒரு வருஷத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்றும் அவனுடைய அம்மா ஜீவராணி சொன்னாள். சொல்லும்போது அவள் பன்னீரின் முகத்தைப் பார்க்கவில்லை. வாழைப்பழத்தை வாங்கினாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்னாக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

அவள் கட்டிலுக்குக் கீழேயிருந்த பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மகனிடம் கொடுத்தாள். துஷாந்த் அதை விரித்து, பன்னீருக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அடிபட்டு வெடித்திருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்ததால்தான் படியில் நிற்க முடியாமல் விழுந்திருக்கிறான். ஆகவே இது வேலையில் நடந்த விபத்து இல்லை. நட்டஈடு கிடையாது. வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஆட்டத்தை நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது.

"பேரும் போட்டிருக்கு மாமா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"எனக்கு வலது கால்லயா அடி பட்டிச்சு?" என்று கேட்டான் துஷாந்த். அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டான். "நான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். எனக்கு எடது காலுன்னுதான் ஞாபகம். நீங்க சொன்னா சரியா இருக்குமோன்னு பாத்தேன்."

"அவரு எங்களுக்கு நல்லதுதான் நெனப்பாரு," என்றாள் ஜீவராணி, ஜன்னலைப் பார்த்து.

திரும்பும் வழியில் பன்னீர் பசறையில் இறங்கினான். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே றில்வான் நானாவின் இரும்புச் சாமான் கடை இருந்தது. டவுன் டீமின் பெரிய விசிறி அவர். இரண்டு பேரும் எட்டு வருஷமாக ஒவ்வொரு மெச்சிலும் எதிரெதிர்க் கரையில் நின்று கத்துகிறவர்கள். உலகக் கிண்ணம் என்றால் அவர் பிரேசில், பன்னீர் ஆர்ஜன்டினா.

"வாங்க பன்னீர். பெனால்டிக்குப் பஞ்சாயத்து வைக்க வந்தீங்களா?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நானா, அன்னைக்குப் போன்ல எடுத்தீங்களே..."

"முழு மெச்சும் ஈக்குது."

கல்லாவுக்குப் பின்னால் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தார்கள். றில்வான் விரலால் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்கு வந்தார். பந்து உயர்ந்து விழுகிறது. துஷாந்த் அதை நெஞ்சில் வாங்கித் திரும்புகிறான். தடியன் குறுக்கே வருகிறான். மிதிக்கிறான்.

"திருப்பிப் போடுங்க."

மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கினார். இடது கால். தெளிவாக இடது கால். துஷாந்த் விழுந்து, எழும்பி, காலுறையைச் சரிசெய்துவிட்டு ஓடினான். அதன்பிறகு இருபத்தெட்டு நிமிஷமும் ஓடினான். கோர்னர் பந்துக்கு இரண்டு தடவை உயரக் குதித்தான். கடைசியில் பெனால்டி. பந்தை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான். கோல்காவலன் கையை ஆட்டினான். துஷாந்த் ஒரு தடவை பின்னால் திரும்பி, மயில்பாறை ஆட்கள் நின்ற கரையைப் பார்த்தான்.

பன்னீர் அதை அன்று கவனிக்கவில்லை. அந்தக் கரையில் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன்.

"புள்ள பதறிட்டான் பன்னீர்," என்றார் றில்வான் மெதுவாக. "இருவத்திமூணு வயசு. நம்மட டீம் புள்ளயும் பதறித்தான் ஈப்பான். அதுல என்ன வெக்கம்?"

"பதறிட்டான்," என்றான் பன்னீர். அந்தச் சொல்லை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த றில்வான், அவனுடைய போனை வாங்கிப் படத்தை அதற்கு அனுப்பினார். தன்னுடையதையும் அழிக்கமாட்டேன் என்றார்.

திங்கட்கிழமை காலை கிளாக்கர் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இந்தத் தடவை நாற்காலி சுவரோரம் கிடந்தது.

"அந்தத் தாள் கொழும்புக்குப் போயிருச்சு."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் ஐயா. எனக்கு ஞாபகம் மாறிப்போச்சு. மாத்தி எழுதித் தாங்க, கையெழுத்துப் போடுறேன்."

"நிச்சயமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"கண்ணால பாத்தேன்னு சொன்னீங்க. இப்ப அது பொய்யின்னா, தோட்டத்துக்குப் பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு ஒங்க மேல ஒரு விசாரணை வைக்கணும். நான் வைக்கமாட்டேன். ஆனா தொர கேப்பார்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "ஒங்களுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. யோசிச்சுச் செய்யுங்க."

பன்னீர் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சுகவீனம் என்று சொல்லி லீவு எடுத்து, ஜீவராணியோடும் தொழிற்சங்கத் தலைவரோடும் பதுளையிலுள்ள அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போனான். தான் முதலில் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுத்தான். அங்கிருந்த பெண் அதிகாரி படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். விளையாட்டில் வலது காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இது காட்டும், ஆனால் படி முறிந்ததை இது காட்டாது என்றார்.

"பழைய பலகை எங்க? எடுத்து வச்சிருக்கீங்களா?"

பன்னீர் கைகளைப் பார்த்தான்.

"எரிச்சுட்டேங்க," என்றான். "நான்தான் எரிச்சேன்."

ஜீவராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். விசாரணைக்கு மூன்று மாதம் தள்ளித் திகதி கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை பெரட்டில் பன்னீரின் பெயரைத் தொழிற்சாலைப் பட்டியலில் வாசிக்கவில்லை. மேல்மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டும் ஆட்களோடு வாசித்தார்கள். படி முறிந்து கிடந்ததைத் தானும் பார்த்தேன் என்று விசாரணையில் சொல்லவேண்டிய யோகராசா, அன்று முதல் பன்னீரின் இடத்தில் அடுப்பு வேலைக்கு மாற்றப்பட்டான். அவன் பன்னீரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு வேறு குறுக்குப்பாதையால் போனான்.

மாத முடிவில் அடுத்த போட்டி மயில்பாறை மைதானத்திலேயே வந்தது. மலையிலிருந்து இறங்கிய பனி மேல்பக்கக் கோலை விழுங்கியிருந்தது. கரையில் வழக்கமான வாதங்கள் தொடங்கியிருந்தன. துஷாந்தின் இடத்துக்கு யார், இந்தத் தடவை பசறையை வெல்லலாமா என்று பேசினார்கள். பன்னீர் கம்பி வேலியோரம் தனியாக நின்றான். இருமுறை அவனிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். தெரியாது என்றான்.

ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய கிளாக்கர் குடையோடு மைதானத்துக்குள் இறங்கினார். கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. விளையாடுகிற பதினொரு பேரும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். விளையாட்டில் படுகிற அடிக்கும், அதனால் பின்னால் வேலையில் வருகிற எதற்கும் தோட்டம் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடாதவன் விளையாட முடியாது என்றார்.

மேசை ஒன்றும் கிடையாது. முன்னால் நின்றவன் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். பின்னால் நின்றவன் தாளை அவன் முதுகில் வைத்து எழுதினான். எழுதி முடித்தவன் தனக்குப் பின்னால் நின்றவனுக்காகக் குனிந்தான். ஒரே பேனா, முதுகுக்கு முதுகு மாறிப் போயிற்று. கரையில் நின்றவர்கள் அது புது மாதிரித் தேகப்பயிற்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.