சுவரைப் பார்த்த டீவி

நாகலிங்கம் டீவியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தபோது ஜெயந்தினி அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் திருப்பிய வேகத்தில் டீவிக்குப் பக்கத்திலிருந்த அப்பாவின் பலகைக் கம்ப்யூட்டர்ப் பெட்டி சறுக்கி மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அதைப் பிடித்தாள்.

“பெரியப்பா, பெட்டிய ஆட்டாதீங்க!”

“ஆட்டல தாயி. சாவு வீட்டுல டீவி மொகத்தக் காட்டக் கூடாது, தீட்டு. இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான்னு நாளைக்கு நாலு பேரு பேசக் கூடாது பாரு.”

இருந்து எதைக் கெடுத்தாராம் அப்பா? கேட்டிருப்பாள். வாசலில் தப்படிக்க வந்தவர்கள் ஓலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வீடு நிறையப் பெண்கள். நாகலிங்கம் அப்பாவுக்கு மூத்தவர், கோயில் கமிட்டித் தலைவர், காரியம் எல்லாம் அவர் கையில்.

அப்பா நல்லமுத்து முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நேற்றுக் காலை அதே மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோட்டத்து லொறிக்கு டயரை மாற்றி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நேற்று மாலையிலிருந்து லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரே பேச்சுதான். ராத்திரி பகலாக அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தான், அதுதான் உயிரை வாங்கிவிட்டது. லொறியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. லொறியைக் குறை சொன்னால் திருப்பிக் கேட்கத் தோட்டத்தில் ஆள் உண்டு. பெட்டிக்கு யார் இருக்கிறார்கள், அதன் தலையில் எதையும் போடலாம்.

அந்தப் பெட்டியை அப்பா கட்டி முடிக்க ஏழு மாதம் ஆனது. ஹட்டன் டவுனில் ஒரு கடையில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் குவித்து வைத்து விற்பார்கள். மூடி இல்லாத ஒன்றை, மூடி இல்லை என்பதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கி வந்தார். ஹார்ட் டிஸ்க், யாரோ கழற்றிப் போட்ட காவல் கேமரா மெஷினுக்குள்ளிருந்து வந்தது. கீபோர்டு உள்ளங்கை அகலம், அதிலும் இரண்டு பட்டன் கிடையாது. சத்தத்துக்கு ஓட்டை வேன் ஒன்றின் ஸ்பீக்கர்கள். மூடிக்குப் பதிலாகப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஒரு கூடு செய்தார். தோட்டத்தின் பெயர் பாதி அறுபட்டு இன்னும் அதில் தெரிகிறது. காற்றுக்கு எங்கே துளை போடுவது என்று மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை.

“கொழுந்துக்குக் காத்து எங்க நொழஞ்சு எங்க வெளிய வரணும்னு தெரிஞ்சவனுக்கு இது என்னா பெரிய விசயம்?” என்றார். வாட்டும் தொட்டியில் கொழுந்தின் மேல் வைத்துப் பார்ப்பது போலவே பெட்டியின் பின்துளையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு மட்டாக இருந்தால் ஒரு தலையாட்டல்.

எல்லாம் அம்மாவுக்காக. பூரணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருடமாகிறது. லயத்துக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே ரோடு வளையும் முடக்குக்கு ஏறிப் போனால்தான் பேசலாம், மழையில் அதுவும் இல்லை. அப்பா மூங்கிலை நட்டு உச்சியில் ஏரியலைக் கட்டி, ஒரு பழைய ரவுட்டரை வாங்கி மாட்டினார். அதில் வைஃபை செத்துப் போயிருந்தது, அதனால்தான் அந்த விலை. நெட் வயரில் மட்டும் வரும். வயர் நேராகப் பெட்டிக்குள் போனது. ஆகவே அம்மா இந்த வீட்டுக்கு வருவதென்றால் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் குவைத்து வீட்டார் வெளியே போவார்கள். அப்பா இங்கே படத்தைப் போடுவார், அதே படம் அம்மாவின் போனிலும் ஓடும். டீவியின் மூலையில் சின்னக் கட்டத்தில் அம்மாவின் முகம். லைன் இழுத்துக்கொண்டு வருவதால் அம்மாவின் சிரிப்பு நாலு செக்கன் பிந்தித்தான் இங்கே கேட்கும். அப்பா பகிடி வந்ததும் சிரிக்க மாட்டார். அம்மா சிரிக்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம் சேர்ந்து சிரிப்பார். அந்த நாட்களில் முதல் ஆளாக வந்து முன்னால் பாயை விரிப்பவர் நாகலிங்கம் பெரியப்பாதான். கிரிக்கெட் என்றால் சாப்பாடும் இங்கேயே. அப்போதெல்லாம் டீவி முகம் காட்டலாம்.

இன்று காலை ஏழு மணிக்கு ஜெயந்தினி முடக்குக்கு ஏறி அம்மாவுடன் பேசினாள். நேற்றே செய்தி சொல்லியாகிவிட்டது.

“கேட்டுப் பாத்தேன் ஜெயந்தி. பாஸ்போட் சாரு கையிலயாம். சாரு வெளிநாடாம். ஒப்பந்தம் முடியலயாம். அழுதா வீட்டுக் கெழவி பயப்படுறா, உள்ள போய் வேலையப் பாருங்குறா மேடம்.” அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. “ஒங்க நேரத்துக்கு ரெண்டரைக்கு மேடம் புள்ளைங்கள கூட்டியாரப் போவா. அர மணி நேரம். கெழவி மட்டும் பக்கத்து ரூம்புல படுத்திருப்பா. அப்ப ஒங்கப்பா மொகத்தக் காட்டு. இந்தப் போன்ல பொட்டாட்டம் தெரியும், ஆனா நீ கிட்ட வச்சுக் காட்டு. என்னா?”

“காட்டுறேம்மா.”

“எத்தன மணிக்கு எடுக்குறாங்க?”

“மூணுக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி.”

“அப்பச் சரி” என்றாள் அம்மா. பஸ்ஸுக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்வது போல.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஜெயந்தினி இப்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பெரியப்பா, ரெண்டரைக்கு மட்டும் இதப் போடணும். அம்மா அப்பாவப் பாக்கணுங்குறாங்க.”

நாகலிங்கம் தலையை ஆட்டினார். “நீ படிச்ச புள்ள. பதினாறாம் நாளு வரைக்கும் இந்த லயத்துலயே யாரும் டீவி போட மாட்டாங்க. பொணத்த வச்சுக்கிட்டு நாமளே போடுறதா?”

“படம் பாக்கப் போறதில்லீங்க. அம்மாவத்தான்.”

“போன்ல காட்டு.”

“இங்க எங்க சிக்னல் இருக்கு? அப்பாவ முடக்குக்குத் தூக்கிட்டுப் போயா காட்டச் சொல்றீங்க?”

“அந்தப் பேச்செல்லாம் வேணாம். போட்டோ புடிச்சு அனுப்பு. எல்லாத்துக்கும் ஒரு மொற இருக்கு தாயி.”

போட்டோவாம். நான்கு வருடம் அரபுக்காரன் வீட்டுக் கக்கூஸைக் கழுவி அனுப்பிய காசில் தகரம் மாற்றிய கூரையின் கீழ் நின்றுகொண்டு, அவளுக்குப் போட்டோ போதும் என்கிறார். அந்தக் கூரைக்கு முறை பார்க்கவில்லை. ஜெயந்தினிக்குக் காது மடல் வரை சூடேறியது. அத்தை நாகலெட்சுமி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அப்பாவின் தங்கை அவள், காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே என்று காதுக்குள் சொன்னாள்.

குளிப்பாட்டும் தண்ணீருக்கு நீர்மாலை எடுக்கப் போனார்கள், வந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். சவரம் செய்த முகத்தில் இடது கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு, அதில் இரத்தமே வரவில்லை. ஜெயந்தினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பத்து. இரண்டே கால்.

இரண்டு இருபதுக்குத்தான் நாகலெட்சுமி அத்தைக்கு அந்த நினைப்பு வந்தது.

“அண்ணே, அண்ணி கழுத்துல கயிறு கெடக்குல்ல? தாலி வாங்காம எப்படி அண்ணன வாசலத் தாண்டி எடுக்குறது?”

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். போகும்போது பொன் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடுதான் பூரணி போனாள், அது எல்லோருக்கும் தெரியும். கயிறானாலும் தாலி தாலிதான். நாலு பொம்பளைங்க கண் பார்க்க அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவன் ஆவி குடும்பத்தைச் சுற்றும் என்றாள் ஒருத்தி. நாகலிங்கம் தாடையைத் தேய்த்தார். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

“ஜெயந்தி” என்று கூப்பிட்டார். “ரெண்டரைக்கு ஒங்கம்மா வருவான்னு சொன்னீயே? சரி, டீவியப் போடு. பொம்பளைங்க எல்லாம் முன்னுக்கு வந்து நில்லுங்க. அறுத்ததும் அமத்திறலாம்.”

ஜெயந்தினி எழுந்து நின்றாள்.

“காலையில தீட்டுன்னீங்களே பெரியப்பா?”

“இது சடங்குக்குத்தானே.”

“அம்மா புருசன் மொகத்தப் பாக்கக் கேட்டா டீவி தீட்டு. அம்மா தாலி அறுக்குறத நீங்க பாக்கணும்னா தீட்டு இல்ல. அப்படித்தானே?”

“ஏ புள்ள!” என்றாள் அத்தை.

“இல்லத்த, கேக்குறேன். எந்த ஊரு மொற இது?” குரல் உடைந்து கீச்சென்று போனது. வாசலில் தப்புச் சத்தம் நின்றுவிட்டது. நாகலிங்கம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரமாச்சு. போடுறதுன்னா போடு” என்றார்.

டீவி மேசை மூலையில் குறுக்காகக் கிடந்தது. அதற்குப் பின்னால், சுவரும் சுவரும் சேரும் இடத்தில், ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அளவுக்கு இடம். ஜெயந்தினி அதற்குள் நுழைந்து பெட்டியின் பட்டனை அமுக்கினாள். விசிறி உறுமிச் சுற்றியது. சரியாக இரண்டரைக்குச் சுவரைப் பார்த்த டீவியில் அம்மாவின் முகம் வந்தது. நீலச் சட்டை, கழுத்து வரை பட்டன், தலையில் இறுக்கிய துணி. பின்னால் வெள்ளை ஓடு பதித்த சமையலறை. நாற்பது அங்குலத்தில் அம்மாவின் கண் ரெப்பையில் இருந்த ஒவ்வொரு வீக்கமும் தெரிந்தது.

“அம்மா, இருங்க” என்றாள். டீவியின் உச்சியில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்த சின்னக் கேமராவை அவிழ்த்து, வயரை இழுத்துக்கொண்டு மூலையிலிருந்து வெளியே வந்தாள். டீவியைத் திருப்பவில்லை.

“என்னா இது? திருப்பு” என்றார் நாகலிங்கம்.

“டீவி மொகத்தக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. காட்டல. அம்மா ஒங்களப் பாக்கலாம். நீங்க அம்மாவப் பாக்க வேணாம்.”

“எப்படித் தெரியும் அறுத்தாளா இல்லையான்னு?”

“தெரிய வேணாம்.”

நாகலிங்கம் டீவியை நோக்கி ஓர் அடி வைத்தார். ஜெயந்தினி நடுவில் நின்றாள். கையில் கேமராவும் வயரும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவள் நின்ற நிற்பைப் பார்த்து அவர் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சாவு வீட்டில் பெண்பிள்ளையோடு மல்லுக்கட்டினான் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

அவள் சவப்பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, கேமராவை அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள். நெற்றிக் காசு, மூடிய கண், கன்னத்து வெட்டு. மெல்ல இறக்கி, நெஞ்சில் சேர்த்து வைத்த கைகளைக் காட்டினாள். வலது புறங்கையில் போன மாதம் பெட்டி வயருக்கு ஈய ஒட்டுப் போடும்போது சுட்டுக்கொண்ட தழும்பு. அங்கே கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் வேன் ஸ்பீக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஒப்பாரி, ஓர் “ஐயோ”, எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம்.

“சத்தத்தயே காணோம்” என்றாள் ஒருத்தி.

“காசு பாத்த கண்ணுக்குத் தண்ணி வருமா?” என்றாள் இன்னொருத்தி, காதில் விழும்படியாகவே.

ஜெயந்தினி திரும்பவில்லை. கையை எடுத்தால் அம்மாவுக்கு அப்பா மறைந்துபோவார். ஆனால் அந்தச் சொல் அவள் முதுகில் வந்து தைத்தது. ஏன் சத்தமே இல்லை? அவளுக்கே ஒரு கணம் அப்படித் தோன்றிவிட்டது, தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

“நேரம்” என்றார் நாகலிங்கம். சவப்பெட்டியை மூடினார்கள். கடைசிப் பலகை விழும் வரை கேமராவைப் பிடித்திருந்தாள். அப்புறம் தப்பு முழங்க, வெடி வெடிக்க, ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கும் பாதையில் போனார்கள். பெண்கள் வாசல் வரை ஓடி விழுந்து அழுதார்கள். இந்தப் பக்கம் பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை.

ஜெயந்தினி டீவிக்குப் பின்னால் நுழைந்தாள்.

குவைத்துச் சமையலறையில் போன் எதிலோ சாத்தியிருந்தது. அம்மா நிற்கவில்லை. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் துடைக்கும் துணியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்திருந்தாள். இரண்டு கையும் துணியின் மேல். தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் இல்லை. பக்கத்து அறையில் கிழவி படுத்திருந்தாள்.

“அம்மா” என்றாள் ஜெயந்தினி. “அப்பாவ எடுத்துட்டாங்க.”

சொல்லிவிட்டுப் பொறுத்திருந்தாள். நாலாவது செக்கனில் அம்மா துணியை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

அப்போது அங்கே எங்கோ கதவு திறக்கும் சத்தமும் பிள்ளைகள் கத்தும் சத்தமும் கேட்டன. அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். வாயிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அரிசி டின்னைத் திறந்து அளந்து கொட்டினாள். போனை மறந்துவிட்டாளோ, வேண்டுமென்றே விட்டாளோ, அது அப்படியே சாத்தியிருந்தது.

வெளியே அத்தை வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி மூலையில் சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்து, அம்மா அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துக் கையை நீட்டிப் பெட்டியின் பின்துளையில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு மட்டாகத்தான் இருந்தது.