நூலக வாசலில் ஒரு சரிவுப் பாதை

ஏழாம் வகுப்புக்குச் செயல்திட்டம் கொடுத்த அன்று அறிவியல் டீச்சர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னாள்: "நான் குறுக்க வரமாட்டேன். நீங்களே யோசிச்சுச் செய்யுங்க. தப்பாப் போனா, ஏன் போச்சுன்னு உக்காந்து பேசுவோம்."

பிள்ளைகள் நூலக வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மணிக்குட்டியைப் படிகளில் தூக்கித்தான் உள்ளே விட வேண்டும். பலகையால் சரிவுப் பாதை போட்டால் அவளே போய்விடலாம். எதையும் அளந்து கட்ட முந்திக்கொண்டு நிற்பதால் 'இன்ஜினியர்' என்று பேர் வாங்கிய பையன் அளவெடுத்தான். மற்றவர்கள் ஆணி அடித்தார்கள். டீச்சருக்குப் பாதை கொஞ்சம் செங்குத்தாகத்தான் பட்டது. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

திறப்பு நாளில் மணிக்குட்டி சக்கரத்தைத் தள்ளிப் பாதி தூரம் ஏறினாள். அதற்குமேல் கை ஓயவே, நாற்காலி பின்னால் உருண்டு கவிழ்ந்தது. மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

அவள் கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்ததும் டீச்சர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாள்.

"எங்க தப்பு நடந்துச்சு?"

"பலகை நீளம் பத்தல டீச்சர்," என்றான் இன்ஜினியர்.

"என்னை யாருமே கேக்கலயே," என்றாள் மணிக்குட்டி. "ஒரு தடவ இதுல உக்காந்து தள்ளிப் பாருங்கடான்னு சொல்லியிருப்பேன்."

"உனக்குத் தெரியாம செஞ்சு அசத்தணும்னு நெனச்சோம்," என்ற இன்ஜினியர் அழுதுவிட்டான்.

மணிக்குட்டி பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு நாற்காலியைக் கொடுத்தாள். ஒவ்வொருவராக அதில் தாழ்வாரத்தைச் சுற்றி வந்தார்கள். கை வலித்தது. வலித்த பிறகு கேள்விகள் கிளம்பின. எவ்வளவு நீளம்? எங்கே நின்று மூச்சு வாங்குவது? இறங்கும்போது எதைப் பிடிப்பது? டீச்சர் இத்தனை வருடம் காத்திருந்தது இந்தப் பேச்சுக்குத்தான்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பலகைகள் அதற்குள் கிடங்குக்குப் போயிருந்தன.

"இனிமே பாடத்த மட்டும் நடத்துங்கம்மா."

"இப்பதான் மேடம் பசங்க யோசிக்கவே ஆரம்பிச்சிருக்காங்க..."

"அந்தப் பொண்ணோட அப்பா இங்க நின்னு அழுதுட்டுப் போறாரு. அவர்கிட்ட இதச் சொல்லட்டுமா?"

பாதை செங்குத்தாக இருக்கிறதென்று டீச்சருக்கு அன்றே பட்டதே.

டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் புது வரைபடத்தோடு ஓடி வந்தார்கள். "டீச்சர், மணிக்குட்டியே சரிபார்த்துட்டா! எப்ப ஆரம்பிக்கலாம்?"

படம் சரியாக இருந்தது. அதை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"புத்தகத்த எடுங்க," என்றாள்.

இன்ஜினியர் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இடத்துக்குப் போய் உட்கார்ந்து, எத்தனையாவது பக்கம் என்று மட்டும் கேட்டான்.