பூட்டாத பெட்டி

நிர்மலன் வாய் நிறையத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டால், யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். பிறேமினி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டான்.

"தங்கச்சி, பிழை எல்லாருக்கும் வரும். ஒத்துக்கொண்டால் அலுவல் முடிஞ்சுது."

எதிரே பேராசிரியர் இராஜேந்திரன், தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு சாட்சியைக் கூப்பிடுகிற நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஆறு பெருகினால் கிழக்கு லண்டனில் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று கணித்துச் சொல்லும் வேலை இந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்திருந்தது. பிறேமினி சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கை ஓட்டினாள். வரைபடத்தில் தாழ்ந்த பகுதி முழுக்கத் தண்ணீரின் நீலம். ஆலோசகராக வந்த நிர்மலன் ஓட்டினான். ஒரு தெருகூட நனையவில்லை. இரண்டில் ஒன்றுதான் இன்று மதியம் கவுன்சிலுக்குப் போகும். அவளுடையது பிழை என்று முடிவானால், மாதக் கடைசியில் முடிகிற அவளுடைய வேலையை நீட்டித்துக் கொடுக்க யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

நிர்மலனின் பலமே அவனுடைய 'பெட்டி'தான். கணிப்புக்கான நிரலையும் அதற்கு வேண்டிய துணைநிரல்களையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், எந்த சூப்பர் கம்ப்யூட்டரிலும் கொண்டுபோய் அப்படியே ஓட்டலாம். கொண்டெய்னர் என்பார்கள். அப்படிக் கட்டித்தரும் மென்பொருளைப் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். சுவிஸிலிருந்து வந்து தெற்கு லண்டன் குரோய்டனில் அலுவலகம் போட்ட நிர்மலன் எடுத்துக்கொண்டான். ஒரு பருந்துப் படம் ஒட்டினான். பெட்டகம் என்ற அர்த்தத்தில் 'நிர்மல் வோல்ட்' என்று பெயர் சூட்டினான். யாரோ கட்டிய கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத் தர்மகர்த்தா நாற்காலியில் ஏறி உட்கார்ந்த கதை!

"என்ர பெட்டி சீல் வைச்ச பெட்டி, சேர்," என்றான் நிர்மலன். "உள்ளுக்கை ஒரு ஈ போக ஏலாது. ஆர் ஓட்டினாலும் ஒரே விடைதான்."

"நானும் உங்கட பெட்டியைத்தான் ஓட்டினனான் அண்ணை. தண்ணி வந்தது."

"அப்ப கைப்பிழை."

"ஆமா பிறேமினி," என்றார் பேராசிரியர். "டாக்டர் நிர்மலன் இந்தத் துறையில ஊறினவர். நீங்க கொஞ்சம் இறங்கி வரலாமே?"

அந்த 'டாக்டர்' எங்கே வாங்கியது என்று கோயம்புத்தூர்க்காரரான பேராசிரியர் ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டும் குரலும் பொருத்தமாக இருந்தால் அவருக்குப் போதும்.

"இறங்குறன் சேர். முதல்ல ரெண்டு பேரும் இஞ்சையே ஓட்டிக் காட்டுவம். ஒரு சின்னத் துண்டு நிலத்துக்கு ஓட்டினால் காணும்."

நிர்மலன் சிரித்தான். கலியாண வீட்டில் கீபோர்ட் வாசிக்கிறவன் மாதிரி விரல்களை உயர்த்தித் தட்டினான். சிறிது நேரத்தில் சுவரில் இருந்த பெரிய திரையில் வரைபடம் விரிந்தது. எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

பிறேமினி தன் பயனர் கணக்கில் நுழைந்து அதே கோப்பை ஓட்டினாள். அதே திரையில் நீலம் வீடுகளுக்கு இடையே பரவியது.

பேராசிரியரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "ஒரே ஃபைல்தானே?"

"மெஷினுக்கும் ஆள் தராதரம் தெரியும் சேர்!" என்றான் நிர்மலன். சிரிப்புக்குத் துணை வர யாருமில்லை.

அந்தப் பேச்சு பிறேமினியின் காதில் வேறு மாதிரி விழுந்தது. பெட்டி ஒன்று. கம்ப்யூட்டர் ஒன்று. நிலம் ஒன்று. வேறாக இருப்பது ஆள் மட்டும். ஆளோடு எது பெட்டிக்குள் போகும்?

சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணை, இந்த மென்பொருளின்ர கையேடு வாசிச்சனீங்களோ?"

"நான் எழுதினதை நானே வாசிக்கிறதோ?"

"எழுதின ஆக்கள் முன்னுக்கே சொல்லி வைச்சிருக்கினம். ஓட்டுற ஆளின்ர சொந்தக் கோப்புறை, வசதிக்காக, தானாகவே பெட்டிக்குள்ளை திறபடும். வேண்டாம் எண்டால் நாங்கள்தான் பூட்டவேணும். உங்கட கோப்புறையில பழைய துணைநிரல் ஏதோ கிடக்கவேணும். பெட்டிக்குள்ளை இருக்கிற புதுசை விட்டிட்டு, கணக்கு அதைத்தான் எடுக்குது."

"என்ர கோப்புறையை நோண்டிப் பாக்கப் போறியோ? இது என்ன, வீடு புகுந்து சோதனையோ?"

"வீட்டைத் திறக்கச் சொல்லேல்லை அண்ணை. பூட்டச் சொல்லுறன். கட்டளையிலை ஒரு சொல்லுக் கூடப் போட்டு ஓட்டுங்கோ, காணும்."

நிர்மலனின் கை மேசையிலிருந்து எழவில்லை. கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். நெட்வேர்க் சரியில்லை என்றான். குரோய்டனில் ஒரு மீட்டிங் என்றான்.

"ஓட்டுங்க, டாக்டர்," என்றார் பேராசிரியர். குரலில் தேன் வற்றியிருந்தது.

ஓட்டினான். எலும்பாகக் கிடந்த தெருக்கள் ஒவ்வொன்றாக நீலத்தில் மூழ்கின. பிறேமினி எழுந்துபோய் அவன் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து, கோப்புறையில் இருந்ததைக் காட்டினாள். கணக்கு வேகமாக ஓடவேண்டும் என்று எப்போதோ அவன் இறக்கிய பழைய துணைநிரல். நிலத்தின் உயரத்தை அடுத்த முழு மீட்டருக்கு உயர்த்திவிடும். பள்ளமெல்லாம் மேடு! தண்ணீர் எப்படி வரும்?

"நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்..." என்றான் நிர்மலன்.

"எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்," என்றார் பேராசிரியர்.

பிறேமினிக்கு இருவர் மேலும் ஒரே அளவு அருவருப்பு வந்தது. கப்பல் கவிழ்ந்தால் எலிகள் நீந்தும் வேகம் தனி.

நிர்மலன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, நாங்கள் ஒரு ஊர் ஆக்கள். வெளியிலை விடாமல் எங்களுக்கை பேசித் தீர்ப்பம்."

"இந்த நீலத்துக்குள்ளை எத்தினை எங்கட ஆக்கள் குடியிருக்கினம் தெரியுமோ? அவையளோடையும் பேசித் தீருங்கோவன்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "உங்க வரைபடமே போகட்டும், பிறேமினி. உங்க வேலையும் நீட்டிப்பு ஆயிடும், நான் பார்த்துக்கறேன். காரணத்தை மட்டும் 'சிறு அமைப்பு மாற்றம்'னு போட்டுடுங்க. பெரிசா வேண்டாம்."

"ஏன் சேர்?"

அவர் திரையைப் பார்த்தார், நிர்மலனைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வருடம் பக்கத்துக் கவுன்சிலுக்கு 'ஆபத்தில்லை' என்று போன வரைபடமும் இதே பெட்டியில், இதே ஆள் ஓட்டியது. அடியில் இருந்தது பேராசிரியரின் கையெழுத்து.

வேலை கைக்கு வந்திருந்தது. வாயை மூடினால் தங்கும்.

பிறேமினி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். போன வருடத்து நிலப்படத்தை எடுத்தாள். கோப்புறையைப் பூட்டும் சொல்லைச் சேர்த்தாள்.

"வேலையைப் பற்றிப் பிறகு கதைப்பம் சேர். இதை முதல்ல பாப்பம்," என்று என்டரைத் தட்டினாள்.